ஒரு வசனமும் ஓர் அமைச்சுப் பதவியும்

1

லண்டனில் கோலியர்ஸ் வுட் பஸ்ஸில் மேல்தட்டு முன்சீட் கிடைத்துவிட்டால் நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்குவதில்லை. கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிற வருத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு. பாடசாலைச் சமையலறையில் வேலை முடிந்து, கையில் அவித்த முட்டைக்கோவாவின் மணம் போகாமல் இருக்க, மரக்கிளைகள் கண்ணாடியில் வந்து முட்டிவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தரிப்பிடம் போய்விடும். அடுத்ததும் போய்விடும். இந்த வசந்தத்தில் அந்த சீட்டில் இருந்து நான் கண்டதெல்லாம் ஒரே கனவுதான். என் மகள் றோசி அமைச்சர் ஆகிறாள்.

ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். றோசி இருப்பது லண்டனில் இல்லை, ஸ்கொட்லாந்தில். அங்கே தனியாக ஒரு பாராளுமன்றம் உண்டு. படை, வெளிநாடு, விசா எல்லாம் லண்டன் தன் மடியில் வைத்திருக்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, காணி, கடற்றொழில் அவர்கள் கையில். முதலமைச்சர் இருக்கிறார், அமைச்சரவை இருக்கிறது. அதிகாரப் பரவலாக்கம் என்று இலங்கையில் எங்கள் வயதுக்காரர் எத்தனை தரம் கேட்ட சொல் அது! அந்தச் சொல்லுக்காக எத்தனை மேசை போட்டார்கள், எத்தனை ஒப்பந்தம் கிழித்தார்கள், எத்தனை பிள்ளைகள் வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வரவில்லை. இங்கே அது ஒரு கட்டடம். பக்கத்தில் ஒரு மலை. உள்ளே ஒரு கன்ரீன்.

றோசி முதல்முறை தெரிவானபோது எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தக் கன்ரீனில் சூப் வாங்கித் தந்தாள். என் கணவர் தாசன் கரண்டியைப் பிடித்தபடி சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானே நாங்களும் கேட்டனாங்கள்," என்றார்.

சூப் ஆறிப்போனது.

2

இவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. எங்கள் வீட்டு விறாந்தையில் இவர் கவிழ்க்காத அரசாங்கம் இல்லை. இலங்கை, இந்தியா, பிரான்ஸ் என்று ஒரு நாட்டையும் விட்டுவைக்க மாட்டார். தேத்தண்ணீர்க் கோப்பைகளை ஒரு பக்கமும் பிஸ்கற்றுகளை மறுபக்கமும் அடுக்கி, எந்தக் கட்சி எதோடு சேரும் என்று காட்டுவார். கூட்டணி உடையும்போது பிஸ்கற்றைத் தின்றுவிடுவார்.

எங்களை முதலில் ஏற்றுக்கொண்ட நாடு டென்மார்க். றோசி பிறந்தது அங்கேதான். அந்த நாட்டில் ஒரு கட்சிக்கும் பெரும்பான்மை கிடைப்பது வழக்கமில்லை. ஆனாலும் ஆளுகிறார்கள், விழாமலும் இருக்கிறார்கள். இவருக்கு அது நம்பவே முடியாத சங்கதி. இறைச்சித் தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு டேனிஷ்காரரிடம் கேட்டாராம், எண்ணிக்கை இல்லாமல் எப்படி ஆளுவது என்று. ஒவ்வொரு நாளும் போய்க் கேட்க வேண்டும் என்றாராம் அந்த மனிதர். ஒரு சட்டம் கொண்டுவர வேண்டுமா, போய்க் கேள். பட்ஜெட்டா, போய்க் கேள். இவர் வீட்டுக்கு வந்து, "இது அரசாங்கம் இல்லையடியப்பா, பிச்சை," என்றார். எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. நாங்களும் அப்போது அந்த நாட்டில் எல்லாவற்றையும் போய்க் கேட்டுத்தான் வாழ்ந்துகொண்டிருந்தோம்.

பிறகு பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தோம். அவள் எண்ணுவது டேனிஷில், கோபம் வந்தால் ஆங்கிலத்தில், பசித்தால் தமிழில். கடலைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று எடின்பரோவுக்குப் போனாள்; அங்கேயே ஒரு ஸ்கொட்லாந்துப் பையனைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். மாதா கோயில் பூசைக்குப் போவது நின்றது. ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் பேச்சு வரவரக் குறைந்தது. கடைசியில் 'சாப்பிட்டியா, ஓம், குளிரா, ஓம்' என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவள் அரசியலுக்குள் போன செய்தியே எங்களுக்கு அவளுடைய கட்சித் துண்டுப்பிரசுரத்தின் படத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நாங்கள் இன்றைக்கும் டென்மார்க் பாஸ்போர்ட்காரர். பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு விலகியபோது இங்கே தொடர்ந்து இருக்க அனுமதி கேட்டு, கைத்தொலைபேசிக்கு முகத்தைக் காட்டினோம். கண்ணைச் சிமிட்டாமல் பார் என்றது. எனக்குத்தான் பார்க்கிற பார்வையிலேயே நித்திரை வந்துவிடுமே! அரைநாள் போயிற்று. அனுமதி வந்தது, வாக்கு வரவில்லை. கவுன்சில் தேர்தலில் வாக்குப் போடுவதோடு எங்கள் கதை முடிந்தது. நாற்பது வருடமாக அரசாங்கம் அமைக்கிற மனிதருக்கு இந்த நாட்டின் பொதுத்தேர்தலில் வாக்கே இல்லை.

3

தேர்தல் முடிந்தது. றோசியின் கட்சி முதலாவதாக வந்தது, ஆனால் பாதியைத் தொடவில்லை. இவர் பிஸ்கற் பெட்டியை எடுத்தார்.

எதிர்க்கட்சிகளில் ஒன்று வாக்களிக்காமல் சும்மா இருந்துவிட, றோசியின் கட்சித் தலைவி முதலமைச்சரானார். அடுத்தது அமைச்சரவை. அங்கே ஒரு முறை இருக்கிறது. முதலமைச்சர் பெயர்களைச் சொன்னால் போதாது. சபை அந்தப் பெயர்களுக்குச் சரி என்று வாக்களிக்க வேண்டும். பெரும்பான்மை இல்லாத கட்சிக்கு ஒவ்வொரு பெயரும் ஒரு தலையிடி, ஒரு சில்லெடுப்பு.

நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது றோசியின் அழைப்பு வந்தது.

"அம்மா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. எனக்குக் கடற்றொழில் தரப்போகினம்."

நான் படிக்கட்டில் இருந்துவிட்டேன். என் ஐயா மன்னார்க் கரையில், பேசாலையில் வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். அவருடைய பேத்தியிடம் ஒரு நாட்டுக் கடலைக் கொடுக்கப்போகிறார்கள்.

அன்றிலிருந்து பஸ்ஸின் முன்சீட்டில் நானும் ஓர் அமைச்சரவை அமைத்தேன். எங்கள் ஊர்க் கோயில் மூப்பருக்கு நிதி; அவர் ஒரு சதமும் வெளியே விட மாட்டார். மீன் விற்கிற எலிசபெத்தக்காவுக்குப் பாதுகாப்பு. அவவின் வாய்க்கு முன்னால் எந்தப் படையும் நிற்காது. அந்தப் பாராளுமன்றத்தின் கூரைகளைக் கவிழ்த்துப்போட்ட வள்ளம் மாதிரி வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். என் கனவில் அந்தக் கூரைக்குக் கீழே கடல் மெல்ல மெல்ல உள்ளே வரும். உறுப்பினர்களின் முழங்கால் மட்டும் தண்ணீர். ஒருவரும் பதறுவதில்லை. காகிதங்கள் மேசையிலிருந்து மிதந்து மேசைக்குப் போகும். றோசி காலுக்கடியில் ஓடுகிற மீன்களைக் குனிந்து பார்த்தபடி பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். அப்போதுதான் சாரதி வந்து, கடைசித் தரிப்பிடம் வந்துவிட்டது, இறங்குகிறீர்களா என்று கேட்பார்.

ஒருத்தருக்கும் சொல்லாதே என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். இவர் கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற பீலிக்ஸுக்கு மட்டும் சொன்னார். பீலிக்ஸ் எங்கள் மன்னார் ஒன்றியத்தின் தலைவர். இரண்டு நாளில் பங்குக் கோயில் மண்டபம் பிடித்தாயிற்று, ஆட்டிறைச்சிப் புரியாணிக்கு ஆள் பிடித்தாயிற்று, பொன்னாடை வாங்கியாயிற்று. சவுத்தாலில் தெரிந்த கடையில் பனரும் அடித்தாயிற்று. 'மன்னார் மண்ணின் மகள், கௌரவ அமைச்சர் றோசலின் தாசன்.' பக்கத்தில் என் தங்கை மகளின் கல்யாணத்தில் றோசி சேலையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற படம்.

"பீலிக்ஸ், இன்னும் சபை வாக்கெடுக்கேல்லை," என்றேன்.

"அக்கா, அது சும்மா சடங்கு. தாசண்ணை கணக்குப் பாத்துச் சொன்னவர்," என்றான் பீலிக்ஸ்.

நடக்கும் முன்னமே மாலை கட்டிவிடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். டென்மார்க்கில் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வருமுன் பந்தி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

4

தாசண்ணையின் கணக்கில் இரண்டு பேர் தப்பிவிட்டார்கள்.

அவர்கள் கரையோரத் தொகுதிக்காரர், பெரிய கட்சி எதிலும் இல்லாதவர்கள். அந்த இரண்டு வாக்கு விழாவிட்டால் அமைச்சரவைப் பட்டியல் தோற்றுவிடும். பட்டியலில் எல்லாப் பெயரும் சரி, றோசியின் பெயர் மட்டும் சரிவராது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

காரணம் என் கதை. போன பாராளுமன்றத்தில் றோசி பின்வரிசையில் இருந்தபோது, இரும்புப் பல் வைத்த சட்டத்தைக் கடலடியில் இழுத்துச் சிப்பி அள்ளுகிற படகுகளைக் கரைக்குக் கிட்ட விடக்கூடாது என்று பேசினாள். படித்த படிப்பைக் கொண்டு பேசிவிட்டு, கடைசியில் என் ஐயாவின் கதையையும் சொன்னாள்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் ஐயா முதல்நாள் விட்ட வலையை எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது வள்ளத்தில் மிதப்புக் கட்டைகள் மட்டும் கிடந்தன. இழுவைப்படகுகள் கடலின் அடியையும் வாரி வலையையும் வாரிக்கொண்டு போயிருந்தன. ஐயா ஒருவரையும் ஏசவில்லை. வழக்கமாக வலை காயப்போடுகிற இடத்தில் போய் வெறுங்கையோடு நின்றார். நெடுநேரம் நின்றார். றோசிக்கு இதை நான் டென்மார்க்கில், வெளியே பனி கொட்டிய நாட்களில், சோறு தீத்தும்போது சொல்லியிருக்கிறேன். அவள் கேட்கிறாள் என்றே நான் நினைக்கவில்லை. வாயைத் திறந்தால் போதும் என்றுதான் கதை சொன்னேன்.

அந்த இரண்டு பேரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய ஊர்களில் அந்தப் படகுகளை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. அவர்கள் ஒரு வழியும் காட்டினார்கள். றோசி ஒரு வசனம் சொன்னால் போதும்: குடும்பக் கதையொன்றின் உணர்ச்சியில் அன்று மிகையாகப் பேசிவிட்டேன். அவ்வளவுதான். சொன்னால் அவர்கள் வாக்களிப்பார்கள். முதலமைச்சர் முடிவை றோசியிடமே விட்டுவிட்டார். மறுநாள் மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டும்.

ரெலிபோனை மேசையில் வைத்து நாங்கள் இரண்டு பேரும் கேட்கிற மாதிரிப் போட்டோம்.

"ஒரு வசனம்தானே பிள்ளை," என்றார் இவர். "சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போ. உள்ளுக்குப் போய் இருந்துகொண்டு நீ நினைச்சதைச் செய்யலாம். அரசியல் எண்டா அதுதான்."

"அப்பா, நான் எமோஷனல் ஆகேல்லை. ரிசேர்ச் வச்சுத்தானே பேசினனான். அது பொய்."

"பொய் இல்லை, வளைஞ்சு குடுக்கிறது. எங்கட ஆக்களில ஒருத்தர் ஒரு நாட்டின்ர அமைச்சராய் வாறது விளையாட்டே? எத்தினை பேர் இதுக்காக..."

பிறகு றோசி கேட்டாள்.

"அம்மா, நீங்கள் என்ன சொல்லுறீங்கள்? அது உங்கட ஸ்டோரி."

சொல்லு என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. பனரில் இருந்த படம் கண்ணுக்குள் வந்தது. என்னோடு சமையலறையில் நிற்கிறவர்களுக்குச் சொல்லலாம், என் மகள் அமைச்சர் என்று. அதே நேரம் வெறுங்கையோடு நின்ற ஐயாவும் வந்து நின்றார்.

"நீ சாப்பிட்டியா?" என்றேன்.

"ஓம் அம்மா," என்றாள். வைத்துவிட்டாள்.

வாக்களிக்காமல் சும்மா இருந்த அந்த எதிர்க்கட்சிக்கும் எனக்கும் அன்றைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இவர் ரெலிபோனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்குள்ளால் அவர் வேலி நுனிக்கும் குப்பைத் தொட்டிக்கும் இடையில் நடப்பதைப் பார்த்தேன். கை அசைந்தது, பிறகு அசையவில்லை.

5

வாக்கெடுப்பு நாளில் நான் லீவு போட்டேன். தொலைக்காட்சியில் சபை தெரிந்தது. வெளிர் மரமும் வெளிச்சமுமாக, நான் கனவில் கண்டதைவிட அமைதியாக இருந்தது. முதலமைச்சர் எழுந்து பெயர்களைச் சொன்னார். சுகாதாரம், கல்வி, நீதி, போக்குவரத்து. எனக்கு ஒவ்வொரு பெயரும் தூரத்தில் போகிற படகு மாதிரி மெதுவாக வந்து மெதுவாகப் போயிற்று. கடற்றொழில் வந்தது. ஒரு ஸ்கொட்லாந்துப் பெயர். அந்த அம்மையார் எழுந்து தலையை ஆட்டினார். நல்ல மனுசி மாதிரித்தான் தெரிந்தது.

இவர் தொலைக்காட்சியை நிறுத்தப் போனார். நான் கையைப் பிடித்தேன். ஏனென்றால் அப்போதுதான் கமரா பின்வரிசைக்குப் போனது. சாம்பல் நிற ஜக்கெற்றோடு றோசி இருந்தாள். வாக்களிக்கச் சொன்னதும் மேசையில் இருந்த பொத்தானை அழுத்தினாள். தன் பெயர் இல்லாத பட்டியலுக்கு என் மகள் ஆம் என்று வாக்களித்தாள். பட்டியல் வென்றது. சிலர் மேசையில் தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

பின்னேரம் றோசி ரெலிபோன் எடுத்தாள். குரலில் அழுகை தெரியவில்லை. அழுது முடித்திருக்க வேண்டும்.

"ஏன் பிள்ளை நீயும் வாக்குப் போட்டனி?" என்று கேட்டேன்.

"அரசாங்கம் நிக்கோணும் அம்மா. சபையில பாஸ் பண்ண ஹொஸ்பிற்றல் சட்டம் கிடக்கு, வீட்டு வாடகைச் சட்டம் கிடக்கு. நான் மினிஸ்டர் இல்லை எண்டதுக்காக அதுகளை விழுத்த ஏலுமே?"

இவர் பக்கத்தில் இருந்தார். ரெலிபோனை நீட்டினேன், வாங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் பிஸ்கற் பெட்டி மூடியபடி கிடந்தது.

6

பீலிக்ஸை நிறுத்த முடியவில்லை.

"அக்கா, ஆட்டுக்குச் சொல்லியாச்சு. சனத்துக்கும் சொல்லியாச்சு. எங்கட ஒன்றியக் கூட்டம் எண்டு நடத்துவம், பிள்ளை வரட்டும்."

றோசிக்குத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரித்தாள். "பதவி கிடைக்காத ஆளுக்குப் பாராட்டு விழாவா? அம்மா, இது எங்கட ஆக்களாலதான் ஏலும். வாறன்."

வந்தாள், ரெயினில், ஒரு சின்னப் பையோடு. நான் கொண்டுபோன சேலையை மண்டபத்தின் பின்னறையில் கட்டிவிட்டேன். ஊசி குத்தும்போது அவளுடைய தோள் எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. மெலிந்திருந்தாள்.

மேடையில் பனர் தொங்கியது. 'அமைச்சர்' என்ற சொல்லுக்கு மேலே பீலிக்ஸ் கடதாசிப் பூமாலை ஒன்றைக் குறுக்கே ஒட்டியிருந்தான். மின்விசிறி சுழலும்போதெல்லாம் மாலை விலகி 'அமை' என்று எட்டிப் பார்த்தது. சனம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தது. வந்த பெண்கள் றோசியின் கையைப் பிடித்து, "பறவாயில்லைப் பிள்ளை, அடுத்தமுறை," என்றார்கள். ஆறுதல் சொல்லுகிற சாட்டில் அவளை நன்றாகவே நோகடித்தார்கள். ஒரு மனுசி என் காதுக்குள், "ஒரு சொல்லுத்தானாமே, சொல்லியிருக்கலாமே," என்றார். செய்தி ஃபாரஸ்ட் கேட் வரைக்கும் வந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் பேப்பர் தட்டை எடுத்துக்கொண்டு பின்வரிசைக் கதிரையில் போய் இருந்தேன்.

பீலிக்ஸ் ஒலிவாங்கியில் பேசினான், சுவாமியார் ஆசீர்வதித்தார், சின்னப் பிள்ளைகள் ஆடினார்கள். பிறகு, "பொன்னாடை போத்த முன்னம் தாசண்ணை ரெண்டு வார்த்தை பேசுவார்," என்றான்.

இந்தப் பேச்சை இவர் வாரக்கணக்காக எழுதினார், அமைச்சர் ஒருத்தியின் தகப்பனாக நின்று பேச. மேடையில் ஏறி, சட்டைப் பையில் இருந்து காகிதங்களை எடுத்தார். விரித்தார். முதல் வரியைப் பார்த்தபடி நின்றார். மண்டபத்தில் யாரோ இருமினார்கள். இவர் காகிதங்களை மடித்துத் திரும்பவும் பைக்குள் வைத்தார்.

"என்ர மகள் அமைச்சர் இல்லை," என்றார். ஒலிவாங்கி கீச்சிட்டது. "எல்லாருக்கும் தெரியும். ஏன் இல்லை எண்டும் இஞ்ச பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு வசனம் சொல்லச் சொல்லிக் கேட்டவை. அவ சொல்லேல்லை."

றோசி முன்வரிசையில் மடியில் கிடந்த சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேர் கேட்டவை எண்டுதான் நீங்கள் கேள்விப்பட்டிருப்பியள். மூண்டு பேர். மூண்டாவது நான். தோட்டத்துக்குள்ள நிண்டு, இவவின்ர தாய்க்குக் கேக்காமல், கெஞ்சிக் கேட்டனான். எங்கட இனத்துக்காகச் சொல்லு எண்டு கேட்டனான். எனக்கும் இல்லை எண்டுதான் சொன்னவ."

இவர் ஒலிவாங்கியை அதன் இடத்தில் செருகத் தெரியாமல் செருகிக்கொண்டு நின்றார். பீலிக்ஸ் பொன்னாடையை விரித்தபடி, யாருக்குப் போர்த்துவது என்று விளங்காமல் முழித்தான். றோசி தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள், முகமெல்லாம் கண்ணீர்.

இந்த மனிதரின் அரசியல் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள் நான். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்தது அன்புதான், அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது. தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினேன். அந்த மண்டபத்தில் முதலில் கை தட்டியது நான்தான்.